நறுக்கென்ற வெள்ளை ஒயின்: அதிகம் பேசப்படாத ஊர்களிலிருந்து எதைத் தேடலாம்?

சேர்வராயன்மலையான் (ஏற்காடு) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விளைவிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். வயது அறுபத்து மூன்று. இந்தக் கேள்வியை எழுதலாமா, கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அதைக் கொண்டாடிய தாத்தாவின் படம் மாட்டியிருக்கும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒயினைப் பற்றி விசாரிப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

என் மகள் வியன்னாவில் இருக்கிறாள். சென்ற செப்டம்பரில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது, நகரத்தின் விளிம்பில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டு முற்றத்துக்கு எங்களை அழைத்துச் சென்றாள். வாசலில் ஊசியிலைக் கொத்து ஒன்று தொங்கினால், இன்று இங்கே ஒயின் உண்டு என்று பொருளாம். தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைத் தங்கள் வீட்டிலேயே விற்றுக்கொள்ளலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் ஆணையிட்டதிலிருந்து நிலைத்துவிட்ட வழக்கம் அது; அந்த வீடுகளுக்கு ஹொய்ரிகர் என்று பெயர். அங்கே குரூனர் வெல்ட்லினர் என்ற திராட்சையின் வெள்ளை ஒயினை ஒரு கோப்பை குடித்தேன்.

அதுவரை எனக்கு ஒயின் என்றால், கிறிஸ்துமஸுக்கு அண்டை எஸ்டேட்டுக்காரர்கள் கேக்கோடு அனுப்பிவைக்கும், கிராம்பும் சர்க்கரையும் தூக்கலாக இருக்கும் கருஞ்சிவப்புப் பானம்தான். இதுவோ துளி இனிப்பும் இல்லாமல், நாக்கின் இரண்டு ஓரங்களிலும் சட்டென்று எச்சிலை ஊறவைத்து, விழுங்கிய பிறகு வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இதைத்தான் ‘கிரிஸ்ப்’ என்பார்கள் என்று மகள் சொன்னாள். மொறுமொறுப்பு என்று தமிழில் சொன்னால் அது முறுக்குக்குத்தான் பொருந்தும். நறுக்கென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். இதைவிட நல்ல சொல் யாருக்கேனும் தோன்றினால் சொல்லுங்கள்.

மகள் ஜூலையில் ஊருக்கு வருகிறாள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் சுங்கத் தீர்வையின்றி இரண்டு லிட்டர் வரை மது கொண்டுவரலாம் என்பதால், இரண்டு முழுப் பாட்டில்களும் ஓர் அரைப் பாட்டிலும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். புகழ்பெற்ற பிரெஞ்சுப் பெயர்கள் எனக்கு வேண்டாம். இதே நறுக்கென்ற குணம் உள்ள, அதிகம் பேசப்படாத ஊர்களின் வெள்ளை ஒயின்கள் எவை, ஒரு பாட்டிலைப் பார்த்ததும் அது அப்படிப்பட்டதுதானா என்று எப்படி ஊகிப்பது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். கூடவே ஒரு பேராசைக் கேள்வி: சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள எங்கள் மலையில் இந்தத் திராட்சை வருமா?

கப்பல்காரர் (சேலம், ஃபேர்லேண்ட்ஸ்) எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். பயணிகள் கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவற்றில் கடைசி ஏழு ஆண்டுகள் ஒயின் பரிமாறுவது மட்டுமே என் பணி. நறுக்கென்று என்ற சொல் நன்றாகவே இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

ஊர்ப் பெயர்களைக் கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் திராட்சையின் புளிப்பைக் காப்பாற்றுவது எது என்று தெரிந்துகொண்டால், இதுவரை கேள்விப்படாத ஊரின் பாட்டிலைக்கூட நீங்களே கணித்துவிடலாம். காப்பிக்காரரான உங்களுக்கு இது புதிதாகவும் இராது. பழம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெப்பம் மிகுந்தால், அதிலும் இரவும் புழுக்கமாக இருந்தால், பழம் தன் புளிப்பைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். மலையில் மெல்லப் பழுத்த காப்பிக்கும் சமவெளியின் சூட்டில் அவசரமாகப் பழுத்த காப்பிக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். ஆகவே குளிர்ந்த இரவு எங்கிருந்து கிடைக்கிறது என்று பாருங்கள். சில ஊர்களுக்கு அதை மலை தருகிறது, சில ஊர்களுக்குக் கடற்காற்று தருகிறது. இன்னும் சில ஊர்களில் வெயில் எவ்வளவு காய்ந்தாலும் திராட்சை இனமே புளிப்பை விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தக் கடைசி வகைக்குச் சாண்டோரினித் தீவின் அசிர்டிகோவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கிரேக்கத்தின் அந்தத் தீவை நீலக் கூரைப் படங்களால் எல்லோருக்கும் தெரியும். அதன் ஒயினைச் சிலருக்குத்தான் தெரியும். கிறிஸ்துவுக்குமுன் 1600ஐ ஒட்டி வெடித்த எரிமலையின் சாம்பலும் நுரைக்கல்லும்தான் அங்கே மண். மழை மிகக் குறைவு. காற்றோ ஆளையே தள்ளிவிடும். அதனால் அங்கே பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. கொடியை ஆண்டுதோறும் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தரையிலேயே ஒரு கூடையாக முடைந்துவிடுகிறார்கள். குலைகள் கூடைக்கு உள்ளே, காற்றும் வெயிலும் நேராகப் படாமல் தொங்குகின்றன. குலூரா என்று அந்தக் கூடைக்குப் பெயர். இரவில் கடலிலிருந்து ஏறிவரும் பனிமூட்டமே பெரும்பாலும் அவற்றுக்குத் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சியால் களிமண் இல்லாத அந்த மண்ணில் வாழ முடியவில்லை. எனவே அங்குள்ள கொடிகள் இன்றும் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. குடிக்கும்போது எலுமிச்சைத் தோலும் கொஞ்சம் உப்பும் தெரியும். எரிமலை மண்ணின் தாதுக்கள் வேர் வழியாகப் பழத்துக்கு ஏறிவருவதால்தான் அந்த உப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மலைக்காரரான உங்களுக்கு அடுத்து நான் சொல்வது சவாய். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பகுதி அது; பிரான்ஸ்தான், ஆனால் நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பிரான்ஸ் அன்று. 1248ஆம் ஆண்டு நவம்பரில் கிரானியே என்ற மலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து ஊர்களையே மூடிவிட்டது. அந்தச் சரிவின் இடிபாட்டுக் கற்களின் மேல்தான் இன்றைய அப்ரெமோன், அபீம் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே விளையும் ஜாக்கேர் என்ற திராட்சையின் ஒயினில் போதை குறைவு, நிறமும் குறைவு, விலையும் பெரிதாக இராது. மலை ஓடையில் கை நனைத்தது போல இருக்கும் என்று சொன்னால் மிகை என்பீர்கள். குடித்த பிறகு சொல்லுங்கள்.

கடற்காற்றுக்கு ஸ்பெயினின் வடகரையில் உள்ள கெட்டாரியா. 1522இல் உலகைச் சுற்றிவந்து முடித்த கப்பலின் தலைவர் எல்கானோ பிறந்த ஊர் என்பதால் எங்கள் கப்பலில் அந்த ஒயினுக்குத் தனி மரியாதை உண்டு. சாக்கோலி என்று பெயர். லேசான நுரைப்பு இருக்கும். பாட்டிலைத் தலைக்கு மேல் உயர்த்தி, அகன்ற கோப்பையில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். நம் டீ மாஸ்டர்கள் ஆற்றுவதைப் பார்த்த கைக்கு அது இரண்டே நாளில் வந்துவிட்டது. ஆனால் சாக்கோலியை அந்த ஆண்டே குடித்துவிட வேண்டும், சூட்டையும் அது தாங்காது. உங்கள் இரண்டு லிட்டரில் அதற்கு இடம் தர வேண்டாம்.

மகள் வியன்னாவில் இருப்பதால் ஹங்கேரி பக்கத்து நாடு. தோகாய் என்றாலே தேன்போன்ற இனிப்பு ஒயின் என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்த இனிப்புக்கு அடித்தளமான ஃபூர்மின்ட் திராட்சையில், அவ்வளவு சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கக்கூடிய புளிப்பு இருக்கிறது. அந்தத் திராட்சையிலிருந்தே இனிப்பில்லாத ஒயின் செய்யும் போக்கு இந்த நூற்றாண்டில்தான் வலுத்தது; இன்று பெரும் பெயர்களுக்கு ஈடான தரத்தில் குறைந்த விலைக்குக் கிடைப்பது அதுதான் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஷோம்லோ என்று இன்னோர் இடமும் உண்டு. சமவெளியில் தன்னந்தனியாக நிற்கும் அணைந்த எரிமலை அது. நாமக்கல் கோட்டைப் பாறையைப் பெரிதாக்கி, சரிவெல்லாம் கொடி நட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள யூஃபார்க் என்ற திராட்சைக்குச் செம்மறியாட்டு வால் என்று பொருள். குலை அப்படித்தான் நீண்டு வளையும்.

பாட்டிலைப் பார்த்து ஊகிப்பதற்கு: போதை அளவு 11 முதல் 12.5 விழுக்காட்டுக்குள் இருந்தால் பழத்தை அதிகம் பழுக்கவிடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அறுவடை ஆண்டு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்கட்டும். அசிர்டிகோவும் ஃபூர்மின்ட்டும் மட்டும் இன்னும் தாங்கும். ஓக் பீப்பாயில் வைத்தது என்று பெருமையாக எழுதியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். இனிப்பில்லாதது என்பதற்கு ஜெர்மன் மொழியில் ட்ரோக்கன், பிரெஞ்சில் செக், ஹங்கேரிய மொழியில் சாராஸ் என்று சீட்டில் எழுதுவார்கள். கடைசிச் சொல்லைக் கேட்டு நம்மூர்ச் சாராயத்தை நினைத்துப் பயந்துவிட வேண்டாம்.

வேதியியல் ஆசிரியை (சேலம், அஸ்தம்பட்டி) எழுதுகிறார்:

கப்பல்காரர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. மண்ணின் தாதுக்கள் வேர் வழியாக ஏறிவந்து ஒயினில் நேராகச் சுவை தருகின்றன என்பது கேட்க அழகான கதை. பழத்துக்கு வந்துசேரும் தாதுக்களின் அளவு நாக்கு அறியும் அளவுக்கு இருப்பதில்லை. கல்லுக்கென்று கரைந்து வரக்கூடிய சுவையும் பெரிதாகக் கிடையாது. அப்படி ஏறிவருமானால், நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டி நிற்கும் புளியமரங்களின் புளியில் மேக்னசைட் ருசிக்க வேண்டுமே! மண் செய்வது வேறு வேலை: நீரை எவ்வளவு வேகமாக வடிக்கிறது, எவ்வளவு தேக்கிவைக்கிறது, பகல் சூட்டை எப்படி வாங்கி விடுகிறது என்பவை பழம் பழுக்கும் விதத்தை மாற்றுகின்றன. உப்பு போலத் தோன்றுவதில் பெரும்பங்கு அந்தப் புளிப்பினுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

புளியைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையே கொஞ்சம் விரிக்கிறேன், ஏனெனில் நறுக்கென்ற ஒயினின் இரகசியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். பச்சை ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலம். தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம். திராட்சையில் முதன்மையாக இருப்பதோ டார்டாரிக் அமிலம். பழங்களில் அதை மிகுதியாகச் சேர்த்துவைப்பவை வெகு சில. அவற்றில் ஒன்று திராட்சை, மற்றொன்று நம் புளி. ரசத்தில் வளர்ந்த நாக்கு வியன்னாவில் ஒரு கோப்பை குரூனரை உடனே அடையாளம் கண்டுகொண்டதில் எனக்கு வியப்பே இல்லை. உலகத்தில் எந்த ஊர்க்காரரைவிடவும் நமக்கு இந்த அமிலத்தோடு பழக்கம் அதிகம்.

திராட்சையில் டார்டாரிக்கோடு மாலிக் அமிலமும் உண்டு. சூடான இரவுகளில் பழம் எரித்துத் தீர்ப்பது பெரும்பாலும் இந்த மாலிக்கைத்தான். டார்டாரிக் அவ்வளவு எளிதில் குறையாது. பிறகு, ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்கவைத்து முடித்ததும் பாக்டீரியா தன் வேலையைத் தொடங்கினால், கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறிவிடும். அதாவது பச்சை ஆப்பிள், தயிராகிவிடும். சில வெள்ளை ஒயின்களில் இதை வேண்டுமென்றே செய்து வெண்ணெய் போன்ற வழவழப்பைக் கொண்டுவருகிறார்கள். நறுக்கென்று இருக்க வேண்டிய ஒயினில், எஃகுத் தொட்டியைக் குளிர்வித்தோ வடிகட்டியோ கந்தக டைஆக்சைடைச் சிறிது சேர்த்தோ, அந்த மாற்றம் நிகழாமல் தடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஊர் பாதி, ஒயின் செய்பவரின் முடிவு பாதி.

இரண்டு செய்திகள் ஐயாவுக்குப் பயன்படலாம். முதலாவது, பாட்டிலைக் குளிரவைத்த பிறகு அடியில் கண்ணாடித் துகள் போலப் படிகங்கள் தென்பட்டால் பயப்பட வேண்டாம். டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, குளிரில் கரையாமல் படிந்தது அது. உடலுக்குத் தீங்கில்லை, ஒயின் கெட்டுப்போனதற்கான அடையாளமும் இல்லை. இரண்டாவது, குரூனர் வெல்ட்லினரில் மிளகு வாசனை வருவதாகச் சொல்வார்கள். அது வெறும் உவமை இல்லை. ரோட்டன்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிராஸ் திராட்சையின் மிளகு வாசனைக்குக் காரணமாக 2008இல் கண்டுபிடித்தார்கள். பின்னர் அது குரூனரிலும் இருப்பது தெரியவந்தது. உங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும் மிளகின் வாசனையிலும் அதே சேர்மம் இருக்கிறது.

சேர்வராயன்மலையான்:

அம்மாவுக்கும் கப்பல்கார நண்பருக்கும் நன்றி. புளியும் திராட்சையும் ஓர் அமிலத்துப் பங்காளிகள் என்பதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அப்படியானால் ரசமே போதுமே என்றார். ஜார்ஜியாவில் மண்தாழியைப் புதைத்து ஒயின் செய்கிறார்களாமே, அது இந்த வகையில் வருமா என்று மகள் கேட்கிறாள்.

கப்பல்காரர்:

அம்மாவின் திருத்தத்தை ஏற்கிறேன். எத்தனை மேசைகளில் அந்த எரிமலைக் கதையைச் சொல்லியிருப்பேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

ஜார்ஜியாவின் தாழிக்கு க்வெவ்ரி என்று பெயர். அளவைத் தவிர, நம் முதுமக்கள் தாழியின் உருவமே அதற்கும். கழுத்து வரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஒயின் செய்ததற்கு அங்கே எட்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சான்று கிடைத்திருக்கிறது. இந்தத் தாழி முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தாழிக்குள் வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் விதையோடும் மாதக்கணக்கில் ஊறவைப்பதால் ஒயின் மஞ்சள்பொன் நிறமாகி, தேயிலைத் தண்ணீரைப் போலத் துவர்க்கும். நல்ல ஒயின்தான், நீங்கள் கேட்ட ஒயின் அன்று. அங்கே விளையும் ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையைத் தோல் நீக்கி எஃகுத் தொட்டியில் செய்ததைக் கேட்டு வாங்கினால் பச்சை ஆப்பிளைக் கடித்தது போல இருக்கும். கடைக்காரரிடம் ‘தாழியில் செய்யாதது’ என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கம்பத்துப் பந்தல்காரர் (தற்போது சேலத்தில்) எழுதுகிறார்:

பேராசைக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் குடும்பம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைவிக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே பழம். அங்கே எங்கள் கொடி உறங்குவதே இல்லை. குளிர் நாட்டில் இலை உதிர்த்துச் சில மாதங்கள் ஓய்ந்து கிடக்கும் கொடி, இங்கே கவாத்து செய்தால் போதும், உடனே துளிர்க்கும். ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்கு மேலும் எடுக்கலாம். சாப்பிடும் பழத்துக்கு அது வரம், ஒயின் பழத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நாசிக்கில் இதற்கு ஒரு வழி செய்கிறார்கள். ஆண்டில் இரண்டு முறை கவாத்து செய்தாலும் ஒயினுக்கு ஓர் அறுவடைதான் எடுக்கிறார்கள். பழம் குளிர்கால இரவுகளில் பழுத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கைக்கு வந்துவிடும்படி கணக்கு வைக்கிறார்கள். அந்த மாதங்களில் அங்கே வானம் தெளிந்திருக்கும். அவர்களுடைய சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினில் ஓரளவு நறுக்குத்தன்மை நிற்பதற்கு அதுவே காரணம். செனின் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையின் ஒயினில் சிலர் சிறிது இனிப்பை விட்டுவைப்பார்கள். வாங்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டுக்குக் குளிர்ந்த இரவு உண்டு. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே எட்டிப் பார்க்கும் மலை அது. ஜூன் தொடங்கி நவம்பர் வரை இலை காய நேரமே கிடைக்காது. அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட விருந்து வேறில்லை. மழை மிகுந்த ஊரில் ஒயினே செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன கெட்டாரியாவில் ஆண்டுக்கு 1500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஸ்பெயினின் மேற்குக் கரையில் ரியாஸ் பைஷாஸ் பகுதியிலும் ஈரம் அதிகம். அல்பரீனோ கொடிகளை அங்கே கருங்கல் கால் நட்டு, ஆளுயரத்துக்கு மேல் பந்தலில் ஏற்றிக் காற்றோட்டம் தருகிறார்கள். படத்தில் பார்த்தபோது எங்கள் தோட்டமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். ஆனால் அவர்களுக்குக் கொடி உறங்கக் குளிர்காலம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆசைக்கு வீட்டு முன்புறம் ஒரு பந்தல் போடுங்கள், பழம் சாப்பிடலாம். காப்பியைப் பிடுங்கிவிட்டு நடாதீர்கள்.

ஆத்தூர் வழிப்போக்கர் எழுதுகிறார்:

எதை வாங்குவது என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அதை நம் வெயிலில் எப்படி வீடு கொண்டுவந்து சேர்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் என் தம்பி போர்ச்சுகலிலிருந்து வின்யோ வெர்தே என்ற, லேசாக நுரைக்கும் வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். சென்னை விமான நிலையத்திலிருந்து பாட்டிலைக் காரின் பின்பெட்டியில் வைத்து, வழியில் இரண்டு இடங்களில் வண்டியை வெயிலில் நிறுத்திச் சாப்பிட்டு, பிற்பகலில் வீடு வந்து சேர்ந்தோம். தக்கை கால் அங்குலம் மேலே எழுந்து நின்றது. குளிரவைத்துத் திறந்தால், வேகவைத்த ஆப்பிளின் வாசனைதான் வந்தது. நறுக்கும் இல்லை, நுரையும் இல்லை. முகம் சுளிக்காமல் ஒரு கோப்பை குடித்தான் தம்பி, பாசத்தால்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது: பாட்டில் மனிதர்கள் உட்காரும் பக்கத்தில், ஏசி காற்றில் வர வேண்டும், மருந்து கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. சேலத்தில் கோடையில் வீட்டு அலமாரியும் அடுப்பு மாதிரிதான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் அடித்தட்டில் படுக்கவைத்துச் சில வாரங்களுக்குள் குடித்துவிடுவது நல்லது. பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி போதும். உறைய உறையக் குளிரவைத்தால் புளிப்பு மட்டும் பல்லில் ஏறும், வாசனை வராது. பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிடுங்கள். ஏற்காட்டில் இருப்பதால் உங்களுக்குப் பாதித் தொல்லை குறைவு.

இங்கேயே வாங்கலாமே என்று யாரேனும் சொல்வார்கள். நம் மாநிலத்தில் சில்லறை விற்பனை 2003இலிருந்து டாஸ்மாக் வசம். இறக்குமதி ஒயின் வைக்கும் கடைகளிலும் பெரும் பெயர்கள்தான் வரும். அடிப்படைச் சுங்கத் தீர்வையே 150 விழுக்காடு என்று இருந்துவந்த நாட்டில் யார் யூஃபார்க் இறக்குமதி செய்வார்கள்? 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயின்களுக்குத் தீர்வை படிப்படியாகக் குறைகிறது. அந்நாட்டின் ஹன்டர் பள்ளத்தாக்கு வெப்பமான இடம். செமியோன் திராட்சையை அங்கே முன்கூட்டியே பறித்து, 11 விழுக்காட்டை ஒட்டிய போதையில் கூர்மையான ஒயின் செய்கிறார்கள். அது எங்கேனும் கண்ணில் பட்டால் எடுத்துப் பாருங்கள்.

சேர்வராயன்மலையான் (மூன்று மாதங்களுக்குப் பின்):

மகளும் மருமகனும் வந்து போனார்கள். சாண்டோரினி அசிர்டிகோ ஒன்று, இனிப்பில்லாத தோகாய் ஃபூர்மின்ட் ஒன்று, ஆஸ்திரியாவின் வாஹாவ் பகுதியின் குரூனர் அரைப் பாட்டில் ஒன்று ஆக மூன்றும் கம்பளிக்குள் சுருட்டி, காரில் என் பேத்தியின் காலடியில் ஏசி காற்றில் வந்துசேர்ந்தன. ஆத்தூர் நண்பருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அசிர்டிகோவின் அடியில் படிகங்கள் இருந்தன. மருமகன் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி வடிகட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வேதியியல் அம்மாவின் பெயரைச் சொல்லி நான் ஒரு சிறு வகுப்பே எடுத்தேன். கீழே டவுனிலிருந்து தட்டுவடை செட் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். காரட்டும் பீட்ரூட்டும் துருவிப் போட்டு, புதினாச் சட்னியும் காரச் சட்னியும் தடவிய அந்தத் தட்டுவடைக்கு அசிர்டிகோ சரிவரவில்லை; அதன் போதை கூடுதல் என்பதாலோ என்னவோ, காரம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. காரச் சட்னி இல்லாமல் புதினா மட்டும் தடவித் தின்றபோது பொருந்தியது. மறுநாள் மேட்டூர் அணை மீனை மிளகு மட்டும் போட்டு வறுத்ததற்கு ஃபூர்மின்ட் அப்படியொரு துணை. எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, அடுத்த துண்டுக்கு நாக்கைத் தயாராக்கியது. கப்பல்காரர் சொன்ன விலையும் உண்மை. மூன்றில் அதுதான் மலிவாம்.

குரூனரைக் கடைசி நாள் மாலையில் திறந்தோம். மழை விட்டிருந்தது. என் மனைவி ஒயின் குடிப்பதில்லை. முகர்ந்து மட்டும் பார் என்று கோப்பையை நீட்டினேன். ரோட்டன்டோன் பற்றி அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, பச்சை மிளகுச் சரத்தைக் கையில் கசக்கினால் வருகிற வாசனை இது என்றார்.

அக்டோபரில் மகள் காரில் ஷோம்லோ போகப்போகிறாள். அந்த யூஃபார்க்கை இங்கே யாரேனும் குடித்திருந்தால், ஃபூர்மின்ட்டைவிடக் கூர்மையாக இருக்குமா, ஏற்காட்டுக் குளிரில் அடுத்த கோடை வரை வைத்திருந்தால் தாங்குமா என்று எழுதுங்கள்.